சாப்பிட வேண்டாம் என்ற குரல்

லண்டன் ஆஸ்பத்திரிகளில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக நான் வேலை செய்த காலம் முழுவதும் நோயாளிகள் என்னிடம் முதலில் கேட்ட கேள்வி ஒன்றுதான். டொக்டர் இன்னும் அறைக்குள் வந்திருக்க மாட்டார். நோயாளி வலியோடு கிடப்பார். நான் என் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் கேட்பார்: "நீங்கள் ஊரிலை எந்தப் பக்கம்?"

புதிதில் அதை உபசாரம் என்று நினைத்தேன். பிறகுதான் அது சோதனை என்று விளங்கியது. எந்த ஊர், யாருடைய மகள், எந்தச் சேர்ச்சுக்குப் போகிறவள், இங்கே யாருக்குச் சொந்தம், கேட்டதை வெளியே போய் யாரிடம் சொல்வாள் என்பதெல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரன் காட்டிக்கொடுத்து அண்ணனை இழந்தவர்கள், இராணுவத்துக்கு முன்னால் முகமூடி போட்டவன் தலையாட்டியதால் தடுப்பு முகாமுக்குப் போனவர்கள் அப்படிக் கேட்பதில் எனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதையே கேட்டிருப்பேன்.

இப்போது பல இடங்களில் ஆள் வருவதில்லை. மேசையில் ஒரு தொலைபேசியை வைக்கிறார்கள். எங்கோ இருக்கும் ஒருவர் அதில் மொழிபெயர்க்கிறார். சில இடங்களில் மனிதக் குரலும் இல்லை, இயந்திரம்தான். போன மாதம் என்னோடு முன்பு வேலை செய்த வனிதா வீட்டுக்கு வந்திருந்தாள். தேநீர் குடித்துக்கொண்டே, "அக்கா, அந்தக் குட்மேய்ஸ் கேஸ் இப்ப வந்திருந்தா அந்த மெஷின் என்ன செய்திருக்கும்?" என்று கேட்டாள். அவள் போன பிறகும் யோசித்துக்கொண்டிருந்தேன். எழுதிப் பார்த்தால் தெளியும் என்று தோன்றியது. பெயர்களையும், ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிப்பித்தவள். லண்டனுக்கு வந்து நோர்பரியில் ஒரு மருந்துக் கடையில் சில வருடங்கள் நின்றேன். பிறகு மாலை வகுப்பில் படித்து, பரீட்சை எழுதி, பொலிஸ் சரிபார்ப்பு எல்லாம் முடித்து, கழுத்தில் ஒரு அட்டையை மாட்டிக்கொண்டேன். படிப்பு அவ்வளவுதான். வேலையைப் பழக்கியவர் திருமதி லூர்து.

அவர் மலேசியத் தமிழர். சட்டம் படிக்க வந்தவர், ஏனோ அந்தத் தொழிலுக்குப் போகாமல் ஆஸ்பத்திரியின் மொழிபெயர்ப்புப் பிரிவுக்குத் தலைவியானார். கட்டையான ஆள். கண்ணாடிக்கு மேலால் பார்ப்பார். நல்ல மனம் உள்ளவர்களைக் கண்டால் அவருக்குச் சந்தேகம். நேர்முகத்தில், "ஏன் இந்த வேலைக்கு வரீங்க?" என்று கேட்டார். எங்கள் சனத்துக்கு உதவி செய்யத்தான் என்றேன். பேனையை மூடி வைத்தார்.

"உதவி செய்யற ஆளுங்கதான் எனக்கு ரொம்பத் தொந்தரவு. இங்க பாரு ஜெயமணி, நீ வாய். கை இல்ல, தோள் இல்ல. யாருக்காச்சும் அழணும்னா அதுக்கு நர்ஸ் இருக்கு."

அவர் சொன்ன முறைகள் எனக்கு இன்னும் மனப்பாடம். நோயாளிக்குச் சற்றுப் பின்னால் உட்கார வேண்டும். அப்போதுதான் டொக்டரும் நோயாளியும் ஒருவரையொருவர் பார்த்துப் பேசுவார்கள். "அவருக்கு நோகிறதாம்" என்று சொல்லக்கூடாது. "எனக்கு நோகிறது" என்றே சொல்ல வேண்டும். கெட்ட வார்த்தை வந்தால் அதையும் சொல்ல வேண்டும். நோயாளியோடு சேர்ந்து பஸ்ஸில் போகக்கூடாது. அழுகிறவருக்கு டிஷ்யூ எடுத்துக் கொடுப்பதுகூட எங்கள் வேலை இல்லை. ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தால் கையை உயர்த்தி, இப்போது பேசுவது மொழிபெயர்ப்பாளர் என்று சொல்லிவிட்டு அதை விளக்கலாம். "ரெண்டு கதவு இருக்குன்னு காட்டு. எந்தக் கதவுன்னு நீ சொல்லக் கூடாது," என்பார்.

நான் வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு முதியவருக்கு இதயத்தில் சத்திரசிகிச்சை. சம்மதக் கையெழுத்து வாங்க டொக்டர் வந்திருந்தார். என்னைக் கவனிப்பதற்காக லூர்து மூலையில் உட்கார்ந்திருந்தார். டொக்டர் விளக்கிக்கொண்டிருக்கும்போதே முதியவர் கண்ணை மூடி முணுமுணுத்தார். என்ன சொல்கிறார் என்று டொக்டர் கேட்டார். செபம் செய்கிறார் என்றேன். டொக்டர் மரியாதையாகக் காத்திருந்தார். பிறகு பேனையை நீட்டினார்.

மூலையில் இருந்து லூர்து எழுந்து வந்தார். "டொக்டர் கேட்டது என்ன சொல்றாருன்னு. என்ன செய்யறாருன்னு இல்ல. சொல்லு."

முதியவர் சொல்லிக்கொண்டிருந்தது இதுதான்: "ஆண்டவரே, எனக்கு இந்த ஒப்பரேசன் வேண்டாம். பிள்ளையளுக்குச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை." நான் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் டொக்டர் பேனையைச் சட்டைப்பைக்குள் போட்டார். கதிரையை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முதலில் இருந்து பேசத் தொடங்கினார். முதியவர் தன் பயத்தைச் சொன்னார், பிள்ளைகள் வந்தார்கள், ஒரு வாரம் கழித்துத் தானாகவே சம்மதித்தார். அன்றிலிருந்து யாராவது செபம் செய்தால் என் காது கூர்மையாகிவிடும். பயந்த மனிதர்கள் டொக்டரிடம் சொல்லாததை எல்லாம் கடவுளிடம் சொல்கிறார்கள் என்பதைக் கண்டுகொண்டேன்.

எனக்குச் செபங்களில் ஒரு சந்தேகம் உண்டு என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். நான் பரம்பரைக் கிறிஸ்தவள். ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறவள். என் கணவர் புற்றுநோயில் கிடந்தபோது ஒரு செபக்குழு வீட்டுக்கு வந்தது. உயிர்த்த ஞாயிறுக்கு எழும்பி நடப்பார் என்று அடித்துச் சொன்னார்கள். அவர் அதற்கு முன்னமே போய்விட்டார். செத்தவீட்டில் வைத்து அந்தக் குழுவில் ஒருத்தி என் காதுபடவே சொன்னாள்: "இந்த வீட்டிலை விசுவாசம் காணாது." அதற்குப் பிறகு உரத்துச் செபிக்கிற எவரைக் கண்டாலும் எனக்கு உள்ளுக்குள் ஒரு கதவு சாத்திக்கொள்ளும்.

அந்த மனநிலையோடுதான் நான் வனிதா சொன்ன அந்தக் கேஸுக்காகக் கிழக்கு லண்டனில் உள்ள குட்மேய்ஸுக்குப் போனேன்.

சுகந்தினிக்கு அப்போது முப்பத்தைந்து வயதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். வன்னிப் பெண். சண்டை முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு அவள் கணவனை வவுனியாவில் வைத்து, ஆட்களைக் காணாமலாக்கும் வெள்ளை வான் வண்டி ஒன்றில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இன்றுவரை தகவல் இல்லை. அப்போது பிள்ளை வயிற்றில். பிரான்சில் கொஞ்சக் காலம் இருந்து, பிறகு மகளோடு லண்டனுக்கு வந்தாள். இங்கே வந்த பிறகு ஒரு செபக்கூட்டத்துக்குப் போய் மதம் மாறினாள். குட்மேய்ஸில் ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் குடியிருந்தாள். பல வாரங்களாகச் சரியாகச் சாப்பிடாமல் இருந்து, மகளின் பள்ளிக்கூட வாசலில் மயங்கி விழுந்ததால் மனநலக் குழுவுக்குத் தகவல் போனது.

டொக்டர் ஓவன் வேல்ஸ்காரர். மெதுவாகப் பேசுவார். பேசி முடித்த பிறகும் சற்று நேரம் காத்திருப்பார். படியேறும்போது, அவளுடைய உயிருக்கு ஆபத்து என்று கண்டால் சட்டப்படி கட்டாயமாக ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிவரலாம் என்று சொன்னார். அப்படி நடந்தால் மகளை உள்ளூர்க் கவுன்சில் பொறுப்பெடுக்கும். அவருக்கு அது விருப்பமில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

அறையில் யன்னல் சீலை உடுப்புக் கிளிப்புகளால் இறுக்கிப் பூட்டப்பட்டிருந்தது. சுகந்தினி கட்டில் ஓரத்தில் இருந்தாள். தோளெலும்பு சட்டைக்கு மேலால் தெரிந்தது. பக்கத்தில் சாம்பல் நிறக் கோட் போட்ட ஒருவர், செபக்கூட்டத்தின் போதகர் எட்வின். டொக்டர் கேட்ட முதல் இரண்டு கேள்விக்கும் அவரே ஆங்கிலத்தில் பதில் சொன்னார். நான் அவரைப் பார்த்தேன். மினுக்கிய சப்பாத்து, மெல்லிய கை. இவர்தான் பட்டினி போட்டிருக்கிறார் என்று அந்த நிமிடமே முடிவு கட்டிவிட்டேன். வாய் மட்டும்தான் நான் என்பதால் முகத்தில் ஒன்றும் காட்டாமல் வைத்துக்கொண்டேன்.

டொக்டர், "அவரே சொல்லட்டும். ஏன் சாப்பிடுவதில்லை?" என்றார்.

சுகந்தினி நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஆண்டவர் என்னோடை பேசினவர். சாப்பிட வேண்டாம் எண்டு சொன்னவர்."

நான் அதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் சொன்னேன். டொக்டரின் பேனை ஓடியது. என்ன எழுதுகிறார் என்பது எனக்குத் தெரியும்: இல்லாத குரல் கேட்கிறது. ஆனால் எங்கள் செபக்கூட்டங்களில் ஞாயிறுதோறும் பத்துப் பேர் எழுந்து நின்று ஆண்டவர் என்னோடு பேசினார் என்று சாட்சி சொல்கிறார்கள். ஒரு வசனம் மனதில் தைத்தது, செபிக்கும்போது ஒரு எண்ணம் வந்தது என்பதைத்தான் அப்படிச் சொல்வது. அந்தப் பத்துப் பேருக்கும் மருந்து எழுத முடியாது. நான் கையை உயர்த்தினேன். மொழிபெயர்ப்பாளர் பேசுகிறேன் என்று சொல்லி, இந்த வாக்கியத்துக்கு இரண்டு பொருள் உண்டு, இவர் எதைக் கருதுகிறார் என்று எனக்குத் தெரியாது என்றேன்.

டொக்டர் எழுதியதை நிறுத்தினார். "எப்படிப் பேசினார்? காதால் கேட்டீர்களா, மனதில் உணர்ந்தீர்களா?"

அவள் போதகரைப் பார்த்தாள். டொக்டர் அதைக் கவனித்தார். போதகரைக் கீழே குசினியில் போய் இருக்கும்படி பணிவாகக் கேட்டார். அவர் விருப்பமில்லாமல் எழுந்து போனார். அப்போதும் சுகந்தினி கதவையே பார்த்தாள். "சொன்னாலும் உங்களுக்கு விளங்காது," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "வெளியிலை வெள்ளை வான் நிக்குது. ஒவ்வொரு நாளும் வருது. எங்களைப் பாத்துக்கொண்டு இருக்கிறாங்கள்," என்றாள்.

டொக்டர் யன்னல் சீலையை ஒதுக்கிப் பார்த்தார். தெருவில் வான் எதுவும் இல்லை.

அவள் என் பக்கம் திரும்பினாள். "அன்ரி, நீங்கள் வரேக்கை கண்டிருப்பீங்கள்தானே?"

நான் காணவில்லை. அவள் கேட்டதை மட்டும் ஆங்கிலத்தில் சொன்னேன். உண்மையில் எனக்கும் அது நோயாகத்தான் பட்டது. கணவனைக் கொண்டுபோன வான் அவள் மனதைவிட்டுப் போகவில்லை, பாவம் என்று நினைத்தேன். லண்டனில் குழாய் திருத்துகிறவன் முதல் பாண் கொண்டுபோகிறவன் வரை எல்லோரிடமும் வெள்ளை வான்தான்.

இறங்கிப் போகும்போது போதகர் படியில் வழிமறித்தார். அவர் முகம் வேர்த்திருந்தது. டொக்டரிடம் ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கி, சொல் தடுமாறி, என்னைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார். "ஒரு நாள் உபவாசம் எண்டுதான் நான் சபைக்குச் சொன்னது. இவ நிப்பாட்டேல்லை. இவ்வளவு நாள் காணும், சாப்பிடுங்கோ எண்டு நான் கெஞ்சினனான். உங்களைவிடப் பெரியவர் சொல்லுறார், நீங்கள் தலையிட வேண்டாம் எண்டு என்னையே ஏசிப்போட்டா. எனக்குப் பயமாக் கிடக்கு."

மொழிபெயர்த்தேன். ஒரு சொல்லும் நம்பவில்லை. பிரச்சினை வரப்போகிறது என்று தெரிந்ததும் கை கழுவுகிறார் என்றே எடுத்துக்கொண்டேன்.

டொக்டர் காரில் போய்விட்டார். நான் பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தேன். தெரு மூலையில், சுகந்தினியின் யன்னலுக்கு நேரே பார்வை படும்படி, ஒரு வெள்ளை வான் வந்து நின்றது. யாரும் இறங்கவில்லை. நான் அப்படியே நின்றுவிட்டேன். இது லண்டன், பட்டப்பகல், பக்கத்தில் மரக்கறிக் கடை, கடைவாசலில் சனம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கால் கேட்கவில்லை.

வானில் இருந்தவர் கண்ணாடியை இறக்கினார். ஐம்பது வயது இருக்கும், சட்டையில் சீமெந்துத் தூசி. "அக்கா, நீங்கள் அந்த வீட்டுக்குத்தானே போட்டு வாறீங்கள்? அவ என்ன சொல்லுறா?"

"அதை நான் உங்களோடை கதைக்க ஏலாது."

"நான் அவவின்ரை மனுசன்ரை தமையன். ஜேர்மனியிலை இருந்து வந்து இப்ப ரெய்னர்ஸ் லேனிலை இருக்கிறன். தரைக்கு மாபிள் பதிக்கிற வேலை. மதம் மாற வேண்டாம் எண்டு நான் சொன்னதிலை இருந்து அவ எனக்குக் கதவு திறக்கிறேல்லை. அந்தப் பாஸ்டர் என்ன ஆளெண்டு ஆருக்குத் தெரியும்? தம்பிதான் இல்லை. தம்பியின்ரை பிள்ளையையும் ஆரும் கொண்டுபோயிடக் கூடாது. அதுதான் வேலைக்குப் போக முன்னும் வேலை முடியவும் வந்து நிக்கிறனான்."

நான் பதில் சொல்லாமல் அடுத்த தரிப்பிடம் வரை நடந்து போய் லூர்துவுக்குத் தொலைபேசி எடுத்தேன். வான் உண்மையாகவே இருக்கிறது, கணவனின் தமையன்தான் வருகிறார் என்றேன்.

"அவன் அண்ணன்னு யார் சொன்னா?"

"அவர்தான் சொன்னார்."

"அப்ப அவன் அண்ணன்னு உனக்குத் தெரியாது. வேன் இருக்குன்னு தெரியும். ஒரு ஆள் இப்படிச் சொன்னான்னு தெரியும். டொக்டருக்கு அத மட்டும் சொல்லு. பாவம்னு எதையும் சேர்த்துச் சொல்லாத லா," என்று தன் மலேசிய இழுப்போடு முடித்தார்.

அப்படியே சொன்னேன்.

மறுநாள் காலை, பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகு, டொக்டரும் ஒரு சமூகசேவையாளரும் நானும் திரும்பப் போனோம். அன்று முடிவெடுக்க வேண்டும். டொக்டர் உட்கார்ந்ததும் முதலில் சொன்னது இது: "நேற்று நான் வானைக் காணவில்லை. ஆனால் அது இருக்கிறது. இந்த மொழிபெயர்ப்பாளர் கண்டிருக்கிறார். உள்ளே இருந்தவர், தான் உங்கள் கணவரின் தமையன் என்று சொல்லியிருக்கிறார். நீங்கள் சொன்னது சரி."

சுகந்தினி வெகுநேரம் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எழுந்து கிளிப்புகளைக் கழற்றிச் சீலையை ஒதுக்கினாள். வான் அங்கேதான் நின்றது. அந்தத் தமையன் வெளியே இறங்கி நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப எனக்கு விசரில்லை," என்றாள்.

கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கிப் போனாள். நாங்கள் பின்னால் போனோம். வாசலில் நின்று அவரைக் கேட்டாள்: "அண்ணை, உங்களுக்கு வேற நிறத்திலை ஒரு வான் கிடைக்கேல்லையோ?"

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் திரும்பித் தன் வானைப் பார்த்தார். அப்படியே நடைபாதை விளிம்பில் குந்திவிட்டார். "நான் யோசிக்கேல்லை பிள்ளை," என்றார். "சத்தியமா நான் யோசிக்கேல்லை." தம்பியைக் கொண்டுபோனது எப்படிப்பட்ட வான் என்பது அவருக்குத் தெரியாததா? தன்னை அவள் இடத்தில் வைத்துப் பார்க்க மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

அறைக்குத் திரும்பியபோது அவள் வேறு ஆளாக இருந்தாள். பலம் வந்துவிட்டது என்று சொல்ல முடியாது, மூச்சு வாங்கியது. ஆனால் டொக்டரை நேராகப் பார்த்தாள். அவள் சொன்ன ஒன்றை நம்பியிருக்கிறார்கள் அல்லவா? டொக்டர் நேற்றைய கேள்வியை மறுபடி கேட்டார்.

"காதாலை," என்றாள். "வலப்பக்கக் காதிலை. ஒரு ஆம்பிளைக் குரல். பிள்ளை பள்ளிக்கூடம் போனாப் பிறகு தொடங்கும். சாப்பிட்டா பிள்ளையைக் கொண்டுபோவாங்கள் எண்டு சொல்லும்."

நான் இரண்டு கதவு காட்டியிருந்தேன். அவள் போனது நான் எதிர்பார்க்காத கதவால். வான் நோய், ஆண்டவர் பேசியது வெறும் பேச்சுவழக்கு என்று நான் மனதுக்குள் வைத்திருந்த கணக்கு தலைகீழாகிவிட்டது.

டொக்டர் கேட்டார்: "அந்தக் குரல் எப்போதாவது உங்களுக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறதா?"

அவள் யோசித்தாள். டொக்டர் தன் வழக்கப்படி காத்திருந்தார்.

"இல்லை," என்றாள். "முதல் முதல் நான் செபக்கூட்டத்துக்குப் போனநேரம் ஒரு குரலும் கேட்கேல்லை. ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. ஆனா மனுசனைக் கொண்டுபோனதுக்குப் பிறகு அண்டைக்குத்தான் நான் பயமில்லாமல் நித்திரை கொண்டனான். ஆண்டவர் என்னை ஒருநாளும் வெருட்டேல்லை. முந்தி அவர் இப்பிடி இல்லை."

அதைச் சொல்லிவிட்டு நிறுத்தினாள். தான் சொன்னது தனக்கே அப்போதுதான் கேட்டதுபோல் இருந்தது. டொக்டரை விட்டுவிட்டு, பின்னால் இருந்த என் பக்கம் முழுதாகத் திரும்பினாள்.

"அப்ப இது அவரில்லையோ, அன்ரி?"

முப்பது பேருக்கு முன்னால் நின்று பிரசங்கம் செய்திருக்கிறேன். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் படிப்பித்திருக்கிறேன். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. நாக்கு நுனியில் இருந்தது. பயமுறுத்துகிறவர் அவர் இல்லை பிள்ளை என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது. ஆனால் அவளுக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று காதுக்குள் சொல்ல ஏற்கெனவே ஒரு குரல் இருந்தது. கடவுள் பெயரால் இன்னொரு குரலும் எதற்கு? நான் டொக்டரைப் பார்த்து, அவள் கேட்டதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன்.

டொக்டர் அவளைப் பார்த்தே பதில் சொன்னார். நான் தமிழில் சொன்னேன்: "எனக்குத் தெரியாது. நான் கோயிலுக்குப் போற ஆள் இல்லை. ஆனா ஒரு தாயைப் பட்டினி கிடக்கச் சொல்லுற ஆரையும் நான் சந்தேகப்படுவன். அவர் ஆரின்ரை பேரைச் சொல்லிக்கொண்டு வந்தாலும்."

சுகந்தினி கையைக் காதில் வைத்து அழுத்திக்கொண்டாள். குரல் அப்போதும் கேட்டிருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். பிறகு, "எனக்கு ஒரு தேத்தண்ணி வேணும். சீனி போட்டு," என்றாள்.

கீழே குசினியில் அன்றும் போதகர் இருந்தார். அவர்தான் தேநீர் ஊற்றிக் கொண்டுவந்தார். கோப்பை தட்டில் அடித்துக்கொண்டே வந்தது. அவள் குடித்து முடிக்கும்வரை கதவடியிலேயே நின்றார். அது அன்பா, விசாரணை வரும் என்ற பயமா என்று எனக்கு இன்றும் நிச்சயமில்லை. இரண்டும் ஒரே மனிதனுக்குள் இருக்கலாம் என்பதை மட்டும் அன்று ஒத்துக்கொண்டேன்.

யாரும் கட்டாயப்படுத்தாமல் அவள் ஆஸ்பத்திரிக்குப் போகச் சம்மதித்தாள். மகளை யாரிடம் விடுவது என்று சமூகசேவையாளர் கேட்டார். போதகரின் வீடு ஒரு பக்கம், ரெய்னர்ஸ் லேனில் தமையன் வீடு மறுபக்கம். அவள் அதிகம் யோசிக்கவில்லை. "அண்ணையை நம்பமாட்டன்," என்றாள். "அவரின்ரை மனுசியை நம்புவன்." சமூகசேவையாளர் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்து, விசாரித்து, பிறகே சம்மதித்தார். தாய் ஆஸ்பத்திரியில் இருந்த வாரங்கள் முழுவதும் பிள்ளை பெரியம்மாவோடு இருந்தது. அந்த மனிதர் வானை விற்றுவிட்டு நீல நிறத்தில் ஒன்று வாங்கினார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் ரயிலில் என் கணவரை நினைத்தேன். கடைசி நாட்களில் அவர் பயப்பட்டார். செபக்குழு வந்து நிற்கும்போது பயத்தை மறைத்தார். விசுவாசிக்குப் பயம் வரக்கூடாது என்று அவர்களும் நினைத்தார்கள், நாங்களும் நினைத்தோம். பிடிபடப் போகிற இரவில் இயேசுவே ஒலிவ மரங்களுக்குள் வேர்த்து ஒழுகப் பயந்தார். நித்திரை கொள்ளாமல் கூட இருங்கள் என்று சிநேகிதர்களைத்தான் கேட்டார். சின்ன வயதிலிருந்து தெரிந்த கதை. என் கணவரின் கட்டிலடியில் மட்டும் எங்களில் ஒருவருக்கும் அது ஞாபகம் வரவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. நோயாளியை வெளியில் கண்டால் நாங்கள் முதலில் சிரிக்கக்கூடாது. அவராக வந்து பேசினால்தான் பேசலாம். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. சென்ற வருடம் ஒரு சிநேகிதியின் வீட்டுக்குக் குட்மேய்ஸ் பக்கம் போனபோது, கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள் சுகந்தினி. உடம்பு தேறியிருந்தாள். நான் அரிசிப் பைகளின் பக்கம் ஒதுங்கினேன். அவள்தான் கண்டுபிடித்தாள்.

"அன்ரி, ஏன் ஒளிச்சு நிக்கிறீங்கள்?"

மருந்து எடுக்கிறாள். குரல் இல்லை, எப்போதாவது களைத்துப்போனால் ஒரு முணுமுணுப்பு மட்டும். சேர்ச்சுக்குப் போகிறாயா என்று நானே கேட்டுவிட்டேன். வேலையில் இருந்த காலத்தில் கேட்டிருக்கவே மாட்டேன்.

"ஓம், அதே சேர்ச்தான். ஆனா அங்கை என்னைக் கனபேருக்குப் பிடிக்காது. ஆராவது எழும்பி ஆண்டவர் என்னோடை பேசினவர் எண்டு சாட்சி சொன்னா, நான் பின்னாலை இருந்து கேட்பன். சொல்லேக்கை உங்களுக்குப் பயமா இருந்ததோ, ஆறுதலா இருந்ததோ எண்டு."

"போதகர் ஒண்டும் சொல்லுறேல்லையோ?"

"அவருக்கும் பிடிக்காது. ஆனா கேட்க வேண்டாம் எண்டு இன்னும் சொல்லேல்லை." கொஞ்சம் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "நீங்கள் ஏன் மெலிஞ்சு போனீங்கள்?"

நான் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லவில்லை. மார்பில் ஒரு கட்டி. வியாழக்கிழமை ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்கப் போகிறார்கள். அரிசிப் பைகளுக்குப் பக்கத்தில் நின்று அதை அவளுக்குச் சொன்னேன். சொன்னதுமே பயந்தேன். இப்போது என் தலையில் கை வைத்துக் கடைக்குள்ளேயே செபிக்கத் தொடங்குவாள், சுகமாகும் என்று அடித்துச் சொல்வாள் என்று உடம்பு இறுகியது.

அவள் கேட்டாள்: "எத்தினை மணிக்கு?"

"காலமை பத்துக்கு."

"நான் வாறன்."

வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். குட்மேய்ஸில் இருந்து தெற்கு லண்டனுக்கு யார் வருவார்கள்? வியாழக்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது காத்திருப்பு அறையில் எனக்கு முன்னமே வந்திருந்தாள். என் குளிர் கோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். சனம் வந்தது, போனது. அவள் ஒன்றும் பேசவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"நீ செபிக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"செபிச்சுக்கொண்டுதான் இருக்கிறன்," என்றாள்.

உள்ளே இருந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழும்பினேன். பயமாயிருக்கு என்று அவளிடம் சொன்னேன். பயப்படாதீங்கோ என்று அவள் சொல்லவில்லை. கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கூடவே எழும்பிக் கதவுவரை நடந்து வந்தாள்.